படிப்பவனைப் படித்தவர்கள்

துபாயில் வீடு தேடி வரும் தபால்காரர் அந்தக் காலத்தில் கிடையாது. அமீரகம் முழுக்கவே அஞ்சல் என்றால் பெட்டி எண்தான். கம்பெனி அஞ்சலகத்தில் ஒரு பெட்டியை வாடகைக்கு எடுத்திருக்கும். கொத்தனார் முதல் எஞ்சினியர் வரை எல்லாருடைய கடிதமும் அந்த ஒரே பெட்டிக்குள் வந்து விழும். ஊரில் மனைவியோ தாயாரோ உறையின் மேல் எழுதும் முகவரியில் தெருவும் இருக்காது, கதவு எண்ணும் இருக்காது. ஆள் பெயர், கம்பெனி பெயர், பெட்டி எண், துபாய், அவ்வளவுதான்.

1980களின் பிற்பகுதியில் தேராவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டைம் கீப்பருக்கு உதவியாளனாக இருந்தேன். வருகைப் பதிவு எழுதுவது, ஓவர்டைம் கணக்குப் போடுவது, பெட்டியில் வந்த தபாலைப் பெயர்வாரியாகப் பிரித்து அல் கூஸ் தொழிலாளர் கேம்புக்கு அனுப்புவது என் வேலை. யாருடைய உறையையும் நான் கிழித்துப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ராமநாதபுரத்து மேஸ்திரி ஒருவருக்கு வீட்டம்மா குமுதம் இதழ்களைச் சேர்த்துவைத்துச் சுருட்டி, பழுப்புத் தாளில் சுற்றி, புக் போஸ்ட்டில் அனுப்புவார். அதிராம்பட்டினத்துப் பையனுக்கு மார்க்க மாத இதழ். நாகர்கோவில் ஃபிட்டருக்கு ஜெப ஊழியக்காரர் ஒருவரின் சுற்றறிக்கை. மதுரைப் பக்கத்துத் தச்சர் ஒருவருக்கு, கொடியும் சின்னமும் போட்ட கட்சிப் பத்திரிகை. கம்பெனியில் யார் எந்த மதம், எந்தக் கட்சி, யாருக்கு எந்த நடிகை என்று என்னைக் கேட்டால் சொல்லியிருப்பேன்.

புக் போஸ்ட்டின் விதியை இந்தத் தலைமுறை அறியாது. இரண்டு முனையையும் ஒட்டக் கூடாது. உள்ளே இருப்பது அச்சடித்த தாள்தானா, கடிதம் எதையாவது செருகி வைத்திருக்கிறார்களா என்று அஞ்சலகத்தார் பார்க்க வசதியாகத் திறந்தே இருக்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தபால் கட்டணத்தில் சலுகை. பிறர் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டால் விலை குறையும் என்ற இந்த வியாபாரம் கைப்பேசிக்கு ரொம்பவே மூத்தது.

எங்கள் மந்தூபுக்கும் இதெல்லாம் தெரியும். விசா, லேபர் கார்டு, அரசு அலுவலகம் என்று சுற்றும் அந்த மனிதர்தான் பல நாள் பெட்டியைத் திறந்து கட்டை அள்ளிக்கொண்டு வருவார். ஒருநாள் தச்சரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த இந்தியில், "அண்ணே, இந்தப் பேப்பரெல்லாம் இங்க எதுக்கு?" என்றார். மிரட்டல் இல்லை. உண்மையில் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். தச்சர் அன்றிரவே ஊருக்குக் கடிதம் எழுதிப் பத்திரிகையை நிறுத்தச் சொல்லிவிட்டார். யாரும் எதையும் தடை செய்யவில்லை. எந்தச் சட்டப்பிரிவும் பேசப்படவில்லை. தான் என்ன படிக்கிறோம் என்பது இன்னொருவருக்குத் தெரிகிறது என்று தெரிந்த மாத்திரத்தில் ஒருவர் படிப்பதை விட்டார். வளைகுடாவில் வாசிப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தணிக்கையைப் பற்றி நிறைய எழுதுவார்கள். இந்தத் தச்சரைப் போன்றவர்கள் அதில் வர மாட்டார்கள், ஏனென்றால் தடைப் பட்டியலில் அவர் பத்திரிகை இல்லை.

தணிக்கையையும் சொல்லத்தான் வேண்டும். அமீரகத்தின் அச்சு, வெளியீட்டுச் சட்டம் 1980ஆம் ஆண்டின் 15ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம். நாற்பது ஆண்டுக்கு மேல் அதுதான் நடப்பில் இருந்தது. 2023ல்தான் புதிய ஊடகச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. அந்நாளில் வெளிநாட்டு இதழ்கள் கடைக்குப் போகும் முன் தகவல் அமைச்சகத்தின் கண்ணில் பட வேண்டியிருந்தது. அதன் கருவி எளியது: தடிமனான கறுப்பு மார்க்கர். சவூதியில் அதன் கை நீளம். நடிகையின் தோளும் காலும் கறுத்திருக்கும். துபாயில் அவ்வளவு கெடுபிடி இல்லை, என்றாலும் நிலப்படத்தில் இஸ்ரேல் இருக்குமிடம் மையாகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து வீடியோ கேசட் கொண்டு வந்தால் விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள். பார்த்து முடித்தபின் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். தங்கையின் கல்யாணக் கேசட்டை முகம் தெரியாத அதிகாரி முழுக்கப் பார்த்திருப்பாரா, ஓட்டிவிட்டுப் பார்த்திருப்பாரா என்று ரூமில் சிரித்துக்கொள்வோம்.

எனக்கு அந்தக் கறுப்பு மை மேல் ஒரு மரியாதையே உண்டு. அது தான் வந்து போனதை மறைக்காது. இங்கே ஒன்று இருந்தது, உனக்கில்லை என்று நேரே சொல்லிவிடும். மையை விளக்கொளியில் பிடித்து அடியில் என்ன என்று பார்க்க முயன்றவர்கள் எங்கள் ரூமிலேயே இருந்தார்கள். அதைவிட முக்கியம், மார்க்கர் பிடித்த அதிகாரிக்கு அந்தக் குமுதம் யார் கைக்குப் போகிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு அக்கறையும் இல்லை. அவர் தாளைத்தான் கவனித்தார், வாசகனை அல்ல.

வாசகனைக் கவனித்தது வேறு இடம். வியாழன் இரவு வீடியோ கடைக்குப் போனால் கல்லாவில் ஒரு நீள நோட்டு இருக்கும். பெயர், ரூம், கேசட் எண், தேதி, திருப்பித் தந்ததற்கு ஒரு டிக். நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினால் யார் எத்தனை முறை எந்தப் படம் பார்த்தான், எந்த ரூமுக்குச் சீலைக்குப் பின்னால் வைக்கும் கேசட் போகிறது என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். கேசட் தொலையாமல் இருக்க எழுதிய நோட்டுதான். வேறு எதற்கும் பயன்படும் என்று கடைக்காரருக்கே தோன்றியிருக்காது.

ஆனால் அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒருவருக்குத் தோன்றியது. 1987ல் அதிபர் ரீகன், ராபர்ட் போர்க் என்ற நீதிபதியை உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். நாடாளுமன்றத்தில் அவரைக் குடைந்துகொண்டிருந்த நேரம், வாஷிங்டன் வார இதழ் ஒன்றின் நிருபர் போர்க் வழக்கமாகக் கேசட் எடுக்கும் கடைக்குப் போய் அவர் எடுத்த படங்களின் பட்டியலைக் கேட்டார். கடையில் கொடுத்துவிட்டார்கள். 146 படங்கள். ஹிட்ச்காக், ஜேம்ஸ் பாண்ட், பழைய நகைச்சுவைப் படங்கள். அவமானப்பட ஒன்றுமே இல்லை. இருந்தும் பட்டியல் அச்சேறியதும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆளுக்காள் தங்கள் கடை நோட்டை நினைத்துக்கொண்டார்கள் போலும். மறு ஆண்டே, 1988ல், வீடியோ வாடகைப் பட்டியலை வெளியே கொடுக்கக் கூடாது என்று தனிச் சட்டம் வந்தது. சட்டங்கள் எப்போது வேகமாக வரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

எங்கள் கடை நோட்டுக்கு எந்தச் சட்டமும் வரவில்லை. டிஷ் ஆன்டெனா வந்தது, கடை மூடியது, நோட்டு பழைய பேப்பரோடு போயிருக்கும். நான் சொன்ன எல்லாக் கண்காணிப்புக்கும் இந்த முடிவுதான். தபால் கட்டு பிரிந்து போனது. மந்தூப் ஊருக்குப் போய்விட்டார். நானும் பாதிப் பெயர்களை மறந்துவிட்டேன்.

1995ல் எடிசலாத் இணையச் சேவையைக் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டில் ப்ராக்ஸி வந்தது. நாம் தட்டும் ஒவ்வொரு முகவரியும் அதன் வழியாகப் போய், அனுமதி பெற்றுத் திரும்ப வேண்டும். சவூதி இன்னும் ஜாக்கிரதை. 1999ல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோதே நாட்டின் மொத்தப் போக்குவரத்தும் ரியாத்தில் மன்னர் அப்துல் அஜீஸ் அறிவியல் தொழில்நுட்ப நகரத்தின் வழியாகத்தான் போகும்படி அமைத்திருந்தார்கள். தடுத்த பக்கத்தைத் திறந்தால் அமீரகத்தில் ஓர் அறிவிப்பு வரும், பத்திரமாக உலாவுங்கள் என்ற தோரணையில். ஆர்குட்டை 2007ல் தடுத்தபோது எங்கள் பையன்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்! தடுப்பு என்றால் தமிழனுக்குக் கோபம் வரும். அதைச் சொல்லவே இவ்வளவும் எழுதுகிறேன், ஏனென்றால் அடுத்து வந்ததற்கு யாருக்கும் கோபம் வரவில்லை.

ப்ராக்ஸி என்பது வாயிற்காவலன் மட்டுமில்லை. எந்த முகவரியிலிருந்து எந்தப் பக்கம் கேட்கப்பட்டது என்று குறித்துக்கொள்ள அதனால் முடியும். அதாவது, மார்க்கரும் வீடியோ கடை நோட்டும் முதன்முறையாக ஒரே கைக்கு வந்துவிட்டன.

2009 ஜூலையில் இது கொஞ்சம் வெளியே தெரிந்தது. எடிசலாத்தின் பிளாக்பெரி வாடிக்கையாளர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி: உங்கள் கருவி இன்னும் நன்றாக வேலை செய்ய இந்த மேம்பாட்டை நிறுவிக்கொள்ளுங்கள். நிறுவியவர்களின் பேட்டரி மளமளவென்று தீர்ந்தது. கருவி சுட்டது. மென்பொருள் தெரிந்தவர்கள் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது அமெரிக்காவின் எஸ்எஸ்8 என்ற நிறுவனத்தின் கண்காணிப்பு நிரல். அப்போது எடிசலாத்தில் சுமார் 1,45,000 பேர் பிளாக்பெரி வைத்திருந்தார்கள். அந்தக் கருவியைச் செய்த கனடா நிறுவனமே, இது நாங்கள் அனுப்பியதல்ல, இது வேவு நிரல் என்று அறிக்கை விட்டது. எடிசலாத், இது நெட்வொர்க் மேம்பாட்டுக்கானது என்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே நேரடியாக இறங்கியது. அக்டோபர் 11 முதல் பிளாக்பெரியின் மெசஞ்சர், மின்னஞ்சல், இணையம் மூன்றும் நிறுத்தப்படும் என்று அறிவித்தது. ஏறக்குறைய 5 லட்சம் பயனர்கள் பதறினார்கள். கெடுவுக்கு மூன்று நாள் முன்பு, நாட்டின் விதிகளுக்குப் பொருந்தும் வழி கண்டாயிற்று, சேவை தொடரும் என்று சொன்னார்கள். என்ன வழி என்று சொல்லவில்லை. எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

அந்த வாரம் நான் கேட்ட பேச்செல்லாம் "அப்பாடா, நிக்காதாம்" என்பதுதான். "யாருகிட்ட என்ன கொடுத்தாங்க?" என்று ஒரே ஒருவர் கேட்டார். அவர் மலையாளி.

கேம்புக்காரனிடம் பிளாக்பெரி ஏது என்று கேட்கலாம். அவனுக்கான ஏற்பாடு 2012 ஜூலையில் வந்தது. 'என் எண், என் அடையாளம்' என்று ஓர் இயக்கம். ஒவ்வொரு சிம்மையும் அடையாள அட்டையோடு சேர்த்து மறுபதிவு செய்யாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். சவூதியில் அதற்கு மூன்று ஆண்டு முன்பே இணைய மையங்களில் மறைகேமரா வைத்து வாடிக்கையாளர் விவரத்தை ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். சிம் பதிவை நான் குறை சொல்லவில்லை. திருட்டு சிம்மில் ஏமாந்தவர்கள் நம் ஆட்கள்தான் அதிகம். ஆனால் வரலாற்றுக் கண்ணோடு பார்த்தால் அந்த ஆண்டோடு வளைகுடாவில் பெயரில்லாத வாசகன் என்ற ஓர் ஆள் இல்லாமல் போனான். எண் அடையாள அட்டையோடு கட்டப்பட்டது. வாட்ஸ்அப் எண்ணோடு கட்டப்பட்டது. மற்றவை எல்லாம் அதன் பின்னால்.

இனி நமது பிரியமான தளங்களுக்கு வருவோம். 2011 செப்டம்பரில் மார்க் ஸக்கர்பெர்க் மேடையேறி, ஃபேஸ்புக்கில் இனி நீங்கள் படிப்பதைப் பகிர ஒரு பொத்தானையும் அழுத்த வேண்டாம், படித்தாலே போதும் என்றார். வாஷிங்டன் போஸ்ட்டும் கார்டியனும் அதற்கென்று செயலிகள் செய்தன. ஒருமுறை சம்மதித்துவிட்டால் நீங்கள் திறக்கும் ஒவ்வொரு கட்டுரையும் உங்கள் பெயரோடு நண்பர்களுக்குத் தானாகப் போகும். மாமனாரும் மேலாளரும் அந்த நண்பர்களில் உண்டு. ஓராண்டு தாண்டியதும் இரண்டு பத்திரிகைகளும் அதைக் கைவிட்டன. மக்களுக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் அது கண்ணில் பட்டது.

கண்ணில் படாதது அப்படியே நின்றது. 2010ல் ஃபேஸ்புக் தன் லைக் பொத்தானை ஊரார் தளங்களிலெல்லாம் வைக்கக் கொடுத்தது. தமிழ்ப் பத்திரிகைத் தளங்களும் ஆசையாக வாங்கி ஒட்டிக்கொண்டன. அந்தப் பொத்தானை நீங்கள் அழுத்த வேண்டியதே இல்லை. பக்கத்தைத் திறந்ததும் பொத்தானின் படம் ஃபேஸ்புக்கின் கணினியிலிருந்து வர வேண்டும். அதைக் கேட்கும்போதே உங்கள் உலாவி, இன்ன பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறது. முன்பே போட்டு வைத்த குக்கி, இவர்தான் அவர் என்று சொல்லிவிடுகிறது. நெதர்லாந்து ஆய்வாளர் ஆர்னல்ட் ரோசன்டால் அந்த ஆண்டே இதை எழுதிக் காட்டினார். கணக்கே இல்லாதவரையும் இந்தப் பொத்தானால் பின்தொடர முடியும் என்றார். ஃபேஸ்புக்கிலிருந்து வெளியேறிய பின்னும் பின்தொடர்ந்ததாகத் தொடுக்கப்பட்ட வழக்கை 2022ல் 9 கோடி டாலருக்கு அந்நிறுவனம் முடித்துக்கொண்டது. 1988ஆம் ஆண்டின் வீடியோ சட்டம் என்ன ஆயிற்று என்றால், பார்ப்பதை ஃபேஸ்புக்கில் பகிர அது குறுக்கே நிற்கிறது என்று நெட்ஃபிளிக்ஸ் முறையிட, 2013ல் அதைத் தளர்த்திக் கொடுத்துவிட்டார்கள்.

இப்படிச் சேர்ந்த குறிப்பிலிருந்து என்ன தெரியும்? 2013ல் மிஷல் கோசின்ஸ்கியும் தோழர்களும் கேம்பிரிட்ஜில் 58,000க்கும் மேற்பட்டவர்களின் லைக்குகளை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். கிறிஸ்தவரா முஸ்லிமா என்று நூற்றுக்கு 82 தடவை கணினி சரியாகப் பிரித்தது. தபால் கட்டைப் பார்த்து நான் பிரித்த அதே வேலை. எனக்கு ஒரு கம்பெனி ஆட்களைத் தெரியும். இதற்கு எல்லாரையும் தெரியும்.

"தெரிந்தால் தெரியட்டும், நான் என்ன கொலையா செய்தேன்?" இது நம்மவர்களின் பல்லவி. எட்டுப் பேர் ஒரே ரூமில், பாஸ்போர்ட் கம்பெனி லாக்கரில், மனைவி கடிதத்தை ரூம் நண்பர் வாசித்துக் காட்ட வாழ்ந்தவர்களுக்கு அந்தரங்கம் என்பது பணக்காரன் வியாதியாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பல்லவி ஒரு விஷயத்தை மறக்கிறது. எது குற்றம் என்பதன் தேதி இங்கே மாறும்.

2017 மே 24 அன்று அமீரகத்திலும் சவூதியிலும் அல் ஜசீரா தளம் தடுக்கப்பட்டது. அதற்கு முந்தின நாள் வரை அது காலைக் காப்பியோடு படிக்கும் செய்தித்தளம். எங்கள் அலுவலகத்தில் எத்தனையோ பேர் படித்தார்கள். ஜூன் 5ல் கத்தாரோடு உறவு முறிந்தது. இரண்டு நாளில் அமீரகத் தலைமை வழக்கறிஞர், சமூக வலைத்தளங்களில் கத்தாருக்கு அனுதாபம் காட்டினால் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை, குறைந்தது 5 லட்சம் திர்ஹாம் அபராதம் என்று எச்சரித்தார். கத்தாரில் அண்ணன், துபாயில் தம்பி என்று இருந்த கீழக்கரைக் குடும்பங்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2021 ஜனவரியில் அல் உலாவில் சமரசம் ஆனது. இன்று தோஹாவுக்கு விமானம் ஏறுவது அடுத்த ஊருக்குப் போவது மாதிரி. மறுபக்கத்தையும் பாருங்கள். நிலப்படத்தில் கறுப்பு மையால் அழித்த அதே இஸ்ரேலின் தளங்களும் தொலைபேசி எண்ணும் 2020 ஆகஸ்டில் ஒரே வாரத்தில் திறந்தன. 1972 முதல் இருந்த புறக்கணிப்புச் சட்டமே அந்த மாதம் ரத்தானது.

ஆக, தடை வரும், போகும். குமுதம் மேல் பூசிய மை அந்த இதழோடு குப்பைக்குப் போகும். படித்தவன் பெயரை எழுதிய குறிப்பு போகாது. நேற்று சும்மா இருந்த வரி நாளை எவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று எழுதும்போது தெரியாது. பழைய மந்தூபும் வீடியோ கடைக்காரரும் மறந்துபோனார்கள். மறதிதான் நமக்கு இத்தனை காலம் காவலாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

குறிப்பு கம்பெனிக்குள்ளேயே இருக்கும், விளம்பரத்துக்கு மட்டுமே என்று யாராவது சொன்னால் ட்விட்டர் வழக்கைச் சொல்லுங்கள். அதன் முன்னாள் ஊழியர்கள் இருவர் சவூதிக்காகப் பயனர் விவரங்களைத் திறந்து பார்த்ததாக 2019 நவம்பரில் அமெரிக்கா குற்றம் சாட்டியது. அவர்களில் ஒருவர் 2015ல் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட கணக்குகளைப் பார்த்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் சவூதிக்குப் போய்விட்டார்; மற்றவர் 2022ல் தண்டிக்கப்பட்டார். அதே 2022ல் சவூதியில் சல்மா அல் ஷிஹாப் என்ற ஆராய்ச்சி மாணவிக்கு மேல்முறையீட்டில் 34 ஆண்டு சிறை விதித்தார்கள். செய்தது, செயற்பாட்டாளர்களை ட்விட்டரில் பின்தொடர்ந்ததும் மறுபகிர்வு செய்ததும். தண்டனை பின்னர் குறைந்து 2025ல் வெளியே வந்தார். பின்தொடர்வது என்றால் வேறென்ன, ஒருவர் எழுதுவதைப் படிப்பதுதானே.

இது அரசியல் பேசுகிறவர்களின் பாடு, நமக்கென்ன என்று ஒதுங்கவும் முடியாது. என் மச்சினன் மகன் ஷார்ஜாவில் டெலிவரி பைக் ஓட்டுகிறான். வேலையை விட்டால் சேவைப்பணம் எவ்வளவு வரும் என்று ஓர் இரவு கைப்பேசியில் தேடிப் படித்திருக்கிறான். முதல் ஐந்து ஆண்டுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள் என்ற சாதாரணக் கணக்குதான். மறுநாளிலிருந்து அவன் ஃபேஸ்புக் முழுக்கக் கனடா பி.ஆர்., போலந்து வேலை, சம்பளச் சான்று இல்லாமல் கடன், போதாக்குறைக்குத் தமிழிலேயே பேசும் ஏஜெண்டு வீடியோ. "மாமா, நான் வேலையை விடப் போறேன்னு வீட்டுல கூடச் சொல்லல, இவனுங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றான். வேலையை விடும் யோசனையில் இருப்பவன்தான் இங்கே ஏமாற்றுக்காரனுக்குக் கிடைக்கும் நல்ல இரை. அவன் அந்த யோசனையில் இருக்கிறான் என்பதைக் காட்டுவது அவன் படித்த கட்டுரை.

கண்காணிப்புக்கு இவ்வளவு பழகிய இதே மண் வாசிப்பைக் கொண்டாடுவதிலும் குறை வைக்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஷார்ஜா புத்தகக் காட்சி 1982 முதல் நடக்கிறது. 2016ஐ வாசிப்பு ஆண்டாக அறிவித்து, அலுவலக நேரத்திலேயே படிக்க அரசு ஊழியருக்கு உரிமை தரும் வாசிப்புச் சட்டத்தை அமீரகம் கொண்டுவந்தது. அப்படியொரு சட்டம் நம் ஊரில் கனவிலும் வராது. 2014 முதல் 4,000க்கும் மேற்பட்ட நூல்களைத் தடுத்து வைத்திருந்த குவைத், எழுத்தாளர்கள் தெருவில் இறங்கிப் போராடியபின் 2020ல் முன்தணிக்கையை நீக்கியது. தடை தளர்கிறது. குறிப்பெடுப்பது பெருகுகிறது. இரண்டும் ஒரே காலத்தில் நடக்கின்றன.

தனிநபர் தகவல் காப்புச் சட்டமும் வந்திருக்கிறது. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டின் 45ஆம் எண் ஆணைச் சட்டம் 2022 ஜனவரி 2 முதல் அமலுக்கு வந்தது. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கவும், அழிக்கச் சொல்லவும் அது உரிமை தருகிறது. அரசிடம் உள்ள தகவலுக்கு அது பொருந்தாது. நிறுவனங்கள் தங்களைச் சரிசெய்துகொள்ள, செயல்விதிகள் வெளியான நாளிலிருந்து ஆறு மாத அவகாசம் என்றும் அதில் இருக்கிறது. சவூதி தன் சட்டத்தை 2024 செப்டம்பர் 14 முதல் கறாராக்கியது. காகிதத்தில் நல்ல சட்டங்கள். கேம்பில் இருப்பவனுக்கு அவற்றின் பெயர்கூடத் தெரியாது.

கள்ள வழியில் விபிஎன் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். குற்றத்தை மறைக்க அதைப் பயன்படுத்தினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2016லேயே சட்டம் திருத்தியாயிற்று. தடுத்த தமிழ்ப் படத்தளத்தைப் பார்க்கப் போய் மாட்டிக்கொள்வதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?

செய்யக்கூடியது வேறு. ஃபேஸ்புக் அமைப்புகளில், பிற தளங்களும் செயலிகளும் உங்களைப் பற்றி அதற்குச் சொன்னவற்றின் பட்டியல் 2020 முதல் எல்லாருக்கும் கிடைக்கிறது. திறந்து பாருங்கள். உங்கள் வங்கி, பணம் அனுப்பும் செயலி, தமிழ்ச் செய்தித்தளம் என்று வரிசையாக நிற்கலாம். அழிக்கலாம், இனி சேர்க்காதே என்று நிறுத்தியும் வைக்கலாம். கம்பெனி கொடுத்த கைப்பேசியிலும் கேம்ப் வைஃபையிலும் சொந்த விஷயம் படிக்காதீர்கள். உடம்பு, கடன், வேலை மாற்றம், மதம் ஆகியவற்றைத் தேடும்போது ஃபேஸ்புக்கில் நுழையாத தனி உலாவியில் தேடுங்கள்.

நம் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலும் இஃப்தாரும் பட்டிமன்றமும் நடத்துகிறீர்கள், நல்லது. ஆண்டுக்கு ஒரு ஞாயிறு சோனாப்பூர், ஜெபல் அலி கேம்புகளுக்கு இரண்டு இளைஞர்களை அனுப்புங்கள். ஆங்கிலம் வேண்டாம், ஃபேஸ்புக்கைத் தமிழிலேயே வைத்து அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது, எப்படி நிறுத்துவது என்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் காட்டிக் கொடுக்கட்டும். மண்டபமும் மேடையும் தேவையில்லை. ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும்.